ஆயாவின் கூலியும் அரசின் வரியும்

குழந்தையை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தொழிலகம் செல்கிறாள் ஒரு தாய். அந்த ஆயாவுக்கு அவள் தரும் கூலி எவ்வகைச் செலவு? தொழிலுக்காகச் செய்த செலவா, குடும்பத்துக்காகச் செய்த செலவா? கேள்வி சிறிது. ஆனால் இதற்கு விடை காண்பதற்குள் அமெரிக்க ஐக்கிய நாடு எண்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக் கொண்டது. இன்னமும் முழு விடை கண்டபாடில்லை. வரிச் சட்டம் என்றாலே வழக்கறிஞருக்கும் கணக்கருக்கும் உரியது, நமக்கேன் என்று பக்கத்தைப் புரட்டிவிடும் தோழர்கள் உண்டு. பொறுத்திருந்து படிக்க வேண்டுகிறோம். ஒரு சமுதாயம் பெண்ணை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை அதன் மேடைப் பேச்சு மறைத்துவிடும். வரிக் கணக்கு மறைக்காது.

1939-ஆம் ஆண்டு. அந்நாட்டின் வரி மேல்முறையீட்டு வாரியத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. கணவனும் மனைவியும் இருவருமே வேலை பார்ப்பவர்கள். வீட்டில் ஒரு பச்சிளங் குழந்தை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களை அமர்த்தி, அவர்களுக்குத் தந்த கூலியைத் தொழிற் செலவென்று வருமானத்தில் கழித்துக் காட்டினார்கள். வரி அதிகாரி ஏற்கவில்லை. தம்பதியர் தொடுத்த வாதம் நேரானது: ஆயா இல்லையேல் தாய் வீட்டை விட்டு நகர முடியாது, நகர முடியாவிடில் வேலை இல்லை, வேலை இல்லையேல் ஊதியம் இல்லை, ஊதியமே இல்லையேல் அரசுக்கு வரி ஏது?

வாரியம் என்ன சொல்லிற்று? இப்படிப் பார்த்தால் உண்ணும் உணவும், உடுக்கும் உடையும், நோய்க்கு அழைத்த மருத்துவரின் கட்டணமும்கூட வேலைக்கு வேண்டியவைதாமே, அனைத்தையும் கழிக்க விடுவதா என்று கேட்டது. அது கேட்கக்கூடிய கேள்வியே. அதோடு நின்றிருக்கலாம். மேலும் ஒரு படி சென்றது: வீட்டைக் காப்பதும் குழந்தையைப் பேணுவதும் மனைவியானவள் பொதுவாகக் கூலி பெறாமல் செய்யும் பணி, அதைக் கூலிக்கு ஒருவரிடம் விட்டதாலேயே அது தொழிற் செலவாகிவிடாது என்றது. 1940-இல் மேல்முறையீட்டு மன்றமும் அத் தீர்ப்பை உறுதி செய்தது.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் நகர மனம் வரவில்லை. அதே மேல்முறையீட்டு மன்றம் பத்தாண்டுகளுக்கு முன்பு, 1930-இல், ஜார்ஜ் கோஹன் என்ற புகழ்பெற்ற நாடக நடிகரின் வழக்கை விசாரித்தது. அவர் பயணத்துக்கும், நடிகர்கள், விமரிசகர்கள் முதலானோருக்கு வைத்த விருந்துக்கும் பெருந்தொகை செலவிட்டதாகச் சொன்னார். பற்றுச்சீட்டு உண்டா என்றார்கள், இல்லை என்றார். சீட்டு இல்லாவிடினும் செலவு நடந்திருப்பது உண்மை, தோராயமாகவேனும் ஒரு தொகையைக் கழிக்க அனுமதியுங்கள் என்று மன்றம் சொல்லிற்று. சீட்டில்லாத விருந்து தொழிற் செலவு! சீட்டுள்ள ஆயா கூலி சொந்தச் செலவு! விருந்தை உண்டோர் பெரும்பாலும் ஆடவர். ஆயாவை நாடியவள் பெண். சட்டப் புத்தகத்தில் இந்த வேறுபாடு எழுதப்படவில்லை. எழுதாமலேயே படிக்கத் தெரிந்தவர்கள் நீதிபதிகள்.

பிறகு போர் வந்தது. ஆண்கள் களம் சென்றனர். ஆலைகளும் கப்பல் தளங்களும் பெண்களைக் கூவி அழைத்தன. அடுப்பங்கரையே உனக்கு உரிய இடம் என்று நேற்றுவரை ஓதிய அதே வாய்கள், சுத்தியலை எடு, நாடு உன்னை நம்பியிருக்கிறது என்று பாடின. அழைத்தால் போதுமா? குழந்தை எங்கே போகும்? 1940-இல் இயற்றிய லான்ஹாம் சட்டம் போர்த் தொழில் நடக்கும் ஊர்களில் பொது வசதிகள் அமைக்கப் பணம் தந்தது. அந்தப் பணத்தைக் குழந்தைகள் காப்பகத்துக்கும் திருப்பினார்கள். 1944-ஆம் ஆண்டு நடுவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்கள் இயங்கின. ஏறத்தாழ 1,30,000 குழந்தைகள் அவற்றில் இருந்தனர். பெற்றோர் தந்த கட்டணம் நாளொன்றுக்கு 50 சென்ட் அளவில் இருந்தது. குடும்ப வருமானம் என்ன, வரி எவ்வளவு கட்டினாய், எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பினாய் என்ற வினாக்களெல்லாம் அங்கே இல்லை.

ஆரெகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் கைசர் கப்பல் தளங்கள் இருந்தன. அங்கே 1943 நவம்பரில் இரண்டு காப்பகங்கள் திறக்கப்பட்டன. ஊரின் ஒரு மூலையில் அல்ல, கப்பல் தளத்தின் வாயிலிலேயே! வேலைக்கு நுழையும் தாய் குழந்தையை விட்டுச் செல்வாள். முறைப்பணி முடிந்து வெளியே வருகையில் அழைத்துச் செல்வாள். இரவுப் பணிக்குச் செல்லும் தாய்க்கும் காப்பகம் திறந்திருந்தது. குழந்தைக் கல்வியில் தேர்ந்த லாயிஸ் மீக் ஸ்டோல்ஸ், ஜேம்ஸ் ஹைம்ஸ் போன்றோர் அவற்றை நடத்தினர். வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டாமே என்று, சமைத்த உணவையும் அங்கேயே விலைக்கு வாங்கிச் செல்ல ஏற்பாடு இருந்தது. இரும்பை உருக்கிக் கப்பல் கட்டிய கைகளுக்கு ஒரு வேளைச் சமையலிலிருந்து விடுதலை! போர் நெருக்கியபோது, இது முடியாது, இது கூடாது, இது குடும்பத்தைக் குலைக்கும் என்று சொல்ல எவருக்கும் நேரமில்லை.

1945-இல் போர் முடிந்தது. கைசர் காப்பகங்கள் அந்த ஆண்டே மூடப்பட்டன. மற்றவற்றையும் மூடப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் தாய்மார்கள் கடிதங்களும் தந்திகளுமாக அனுப்பினர். குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1946 பிப்ரவரி இறுதி வரை தவணை தந்தார். அதன் பின் மத்திய அரசின் பணம் நின்றது. கலிபோர்னியா மாநிலம் மட்டும் தன் பணத்தில் தன் காப்பகங்களைத் தொடர்ந்து நடத்தியது. ஏனைய பெரும்பாலான இடங்களில் கதவுகள் சாத்தப்பட்டன. ஆனால் வேலைக்குச் சென்ற பெண்கள் எல்லோரும் வீடு திரும்பிவிடவில்லை. கணவனைப் போரில் இழந்தவள் எப்படித் திரும்புவாள்? கணவன் ஊதியம் போதாதவள் எப்படித் திரும்புவாள்?

காப்பகம் போனதும் வரி வந்தது. 1954-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் முற்றிலும் திருத்தி எழுதப்பட்டது. அதில் 214 என்ற எண்ணுள்ள பிரிவு, வேலைக்குச் செல்லும் தாய் குழந்தைக் காப்புச் செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றது. 1939-இல் கூடாது என்றது 1954-இல் கூடும் என்றாயிற்று. ஆகா, வெற்றி என்று துள்ள வேண்டாம். கொடுத்ததைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

கழிவின் உச்சவரம்பு ஆண்டுக்கு 600 டாலர். குழந்தை ஒன்றானாலும் நான்கானாலும் 600 தான். அன்றைய மிகக் குறைந்த வரி விகிதம் நூற்றுக்கு 20. ஆகவே 600 டாலரை முழுமையாகக் கழித்தவளுக்கு மிச்சப்பட்ட வரி 120 டாலர். வாரக் கணக்கில் இரண்டு டாலர் முப்பது சென்ட். இதுவும் எல்லோருக்கும் இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டும் வருமானம் 4,500 டாலரைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் கழிவு குறையும். 5,100-ஐத் தொட்டால் கழிவே இல்லை. கணவனை இழந்தவளுக்கு இந்த வரம்பு இல்லை. நோக்கம் விளங்குகிறதா? வேலை செய்தே தீரவேண்டிய பெண்ணுக்கு இரக்கம் காட்டலாம். கணவன் சம்பாதிக்க, தானும் வேலை செய்ய விரும்பும் பெண்ணுக்கு எதற்கு என்பது சட்டம் இயற்றியோரின் எண்ணம். இரக்கத்துக்கும் உரிமைக்கும் உள்ள இடைவெளியை இப்படி டாலரில் அளந்து காட்டிய சட்டங்கள் குறைவு.

இந்த 214-ஆம் பிரிவில் இன்னொரு வேடிக்கை இருந்தது. கழிவு பெறத்தக்கவர் யார்? எந்தப் பெண்ணும் பெறலாம். ஆடவர் என்றால், மனைவியை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர், மனைவி செயலிழந்து கிடப்பவர் ஆகியோர் மட்டுமே. திருமணமே செய்துகொள்ளாத ஆடவன்? அவனுக்கு இல்லை. பிறரைப் பேணும் பொறுப்பு மணமாகாத ஆடவனுக்கு வரும் என்று சட்டம் எழுதியவர் கனவிலும் கருதவில்லை.

சார்லஸ் மாரிட்ஸ் என்பவர் மணமாகாதவர்; வெளியூர் செல்லும் வேலை; வயது முதிர்ந்த தாயைத் தம்முடன் வைத்துக் காத்து வந்தார். தாயைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்தி, 1968-ஆம் ஆண்டுக் கணக்கில் 600 டாலரைக் கழித்தார். மகளாயிருந்தால் செல்லும், மகனாயிருப்பதால் செல்லாது என்றது வரித் துறை. அவர் தாமே வாதாடித் தோற்றார். அந்தத் தீர்ப்பை வரி வழக்கறிஞரான மார்ட்டின் கின்ஸ்பர்க் படித்துவிட்டு, சட்டப் பேராசிரியரான தம் மனைவியிடம் படிக்கத் தந்தார். அந்த மனைவிதான் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகிய ரூத் பேடர் கின்ஸ்பர்க். இருவரும் சேர்ந்து மேல்முறையீட்டை நடத்தினர், 1972-இல் வென்றனர். ஆண், பெண் என்ற ஒன்றை மட்டுமே காரணமாக்கி ஒருவருக்குத் தந்து மற்றவருக்கு மறுப்பது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றது மன்றம்.

அரசு விடவில்லை. இந்தத் தீர்ப்பு நின்றால் எத்தனை சட்டங்கள் ஆட்டங்காணும் பாருங்கள் என்று காட்ட, பால் வேறுபாடு பாராட்டும் மத்தியச் சட்டங்கள் அத்தனையையும் பாதுகாப்புத் துறையின் கணிப்பொறியைக் கொண்டு தொகுத்து, உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிய மனுவோடு இணைத்தது. உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. பட்டியல் மட்டும் கின்ஸ்பர்க் அம்மையாரின் கையில் தங்கிற்று. அடுத்த ஆண்டுகளில் எந்தெந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காட வேண்டும் என்பதற்கு எதிரியே எழுதிக் கொடுத்த குறிப்பாக அது பயன்பட்டது. பெண் விடுதலையின் வழக்கு வரலாற்றில் ஒரு பெருந்திருப்பம் ஓர் ஆடவனின் 600 டாலரில் தொடங்கியது, தோழர்களே!

1971 டிசம்பர் 9, 10 ஆகிய இரு நாள்களை அடுத்து நோக்குவோம். இந்த வரலாறு முழுவதையும் அந்த இரண்டு நாள்களில் அடக்கிவிடலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அந்த ஆண்டு வால்டர் மாண்டேல், ஜான் பிரேடமஸ் ஆகியோர் முன்னின்று, நாடெங்கும் அரசுப் பணத்தில் குழந்தைகள் காப்பகம் அமைக்கும் மசோதாவைக் காங்கிரசின் இரு அவைகளிலும் நிறைவேற்றியிருந்தனர். ஏழைக்கு இலவசம், மற்றவருக்கு வருமானத்துக்கேற்ற கட்டணம் என்பது திட்டம். டிசம்பர் 9-ஆம் நாள் குடியரசுத் தலைவர் நிக்சன் அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். செலவு மிகுதி என்றார். நிருவாகம் சிக்கல் என்றார். இவற்றுக்கும் மேலாக, குடும்பத்தில் வளரவேண்டிய குழந்தையைக் கூட்டு வளர்ப்புக்கு விடும் முறைக்கு அரசு தன் செல்வாக்கைத் தருவதா என்றார். மறுப்பை முறியடிக்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு மேலவையில் கிட்டவில்லை.

மறுநாள், டிசம்பர் 10, அதே குடியரசுத் தலைவர் புதிய வருமான வரிச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதில் குழந்தைக் காப்புக் கழிவு மாதம் 400 டாலராக, ஆண்டுக்கு 4,800 டாலராக உயர்ந்தது. முழுக் கழிவு பெறுவதற்கான வருமான வரம்பு 18,000 டாலராயிற்று. ஆண், பெண் வேறுபாடும் நீங்கிற்று; அது நன்று. ஆனால் நுணுக்கம் ஒன்றைப் பாருங்கள். ஆயாவையோ வேலைக்காரியையோ வீட்டில் அமர்த்தினால் மாதம் 400 டாலர் வரை கழிக்கலாம்; குழந்தையை வெளியே காப்பகத்தில் விட்டால் ஒரு குழந்தைக்கு 200 தான்! வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்துவதை ஊக்குவித்தால் உதவித் தொகையில் வாழும் ஏழைப் பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்று அவையில் வாதிட்டார்கள். செல்வர் வீட்டுத் தாய்க்கு வரிக் கழிவு. ஏழை வீட்டுத் தாய்க்கு அந்தச் செல்வர் வீட்டுத் தொட்டிலை ஆட்டும் வேலை. அந்த ஏழைத் தாயின் சொந்தக் குழந்தையை யார் பார்ப்பார்கள்? அதற்கான மசோதாதான் முந்தின நாள் மாண்டுவிட்டதே!

கழிவு என்பது இயல்பிலேயே மேட்டை நோக்கிப் பாயும் வெள்ளம். ஆயிரம் டாலர் கழிவென்றால், நூற்றுக்கு 14 வரி கட்டுபவனுக்கு 140 மிச்சம். நூற்றுக்கு 36 கட்டுபவனுக்கு 360 மிச்சம். செலவுகளை வகைப்படுத்திக் காட்டாமல் பொதுக் கழிவை எடுத்துக்கொள்ளும் எளிய குடும்பத்துக்கு ஏதுமில்லை. இதை உணர்ந்து 1976-இல் கழிவை நீக்கி, வரியிலிருந்தே நேராகத் தள்ளுபடி தரும் முறையைக் கொண்டு வந்தார்கள். ஒரு குழந்தைக்கு 2,000 டாலர் வரை, இரண்டு அல்லது அதற்கு மேல் 4,000 டாலர் வரை ஆன செலவில் நூற்றுக்கு 20 தள்ளுபடி. உயர்ந்த வருமானக்காரனுக்கும் தாழ்ந்தவனுக்கும் ஒரே விகிதம். இது முன்னேற்றமே, ஒப்புக்கொள்கிறோம். 1981-இல் குறைந்த வருமானத்தாருக்கு விகிதம் 30 ஆயிற்று. 2001-இல் இயற்றி 2003 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் 35 ஆயிற்று. செலவு வரம்பு 3,000, 6,000 என உயர்ந்தது.

ஆனால் தள்ளுபடி என்றால் வரி இருக்க வேண்டுமே! வருமானம் மிகக் குறைந்த தாய்க்கு வருமான வரியே விழாது. விழாத வரியில் எதைத் தள்ளுவது? உயர்ந்த விகிதம் யாருக்கென்று எழுதப்பட்டதோ அவருக்கே அது கிட்டாமற் போயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இனி, குழந்தை பிறந்த பின் வேலைக்குத் திரும்ப எண்ணும் ஒரு தாய் அந்நாட்டில் போடும் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காகவே எண்களை எடுத்துக்கொள்கிறோம். ஆண்டு 2025 என்க. தாயின் ஊதியம் 40,000 டாலர். காப்பகக் கட்டணம் 15,000. கணவன் வருமானம் நூற்றுக்கு 22 வரி விழும் படியில் ஏற்கெனவே நிற்கிறது. 1948 முதல் அந்நாட்டில் தம்பதியர் கூட்டாகவே கணக்குக் காட்டுவது வழக்கமாகிவிட்டதால், மனைவியின் ஊதியம் கணவனுடையதன் தலைமேல் அடுக்கப்படுகிறது. அவளுடைய முதல் டாலருக்கே 22 விகிதம்! ஆக 8,800 வரி. சமூகக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு ஆகிய ஊதிய வரிகள் 7.65 விகிதம், 3,060. மிச்சம் 28,140. காப்பகம் 15,000 போக 13,140. மாநில வரி, பேருந்து, உடை இவற்றை நாம் சேர்க்கவில்லை. இப்போது தள்ளுபடி எவ்வளவு? 15,000 செலவிட்டாலும் 3,000-க்குத்தான் கணக்கு. அதில் நூற்றுக்கு 20, அதாவது 600 டாலர்.

வேலை தரும் நிறுவனம் இசைந்தால் வேறொரு வழியுண்டு. ஊதியத்தில் 5,000 டாலரை வரி படாமல் ஒதுக்கிக் காப்பகத்துக்குக் கட்டலாம். 1986 முதல் இருந்த வரம்பு அது. அப்படிச் செய்தால் மேற்சொன்ன தாய்க்கு மிச்சம் 1,482 டாலர். ஆனால் ஒரே செலவுக்கு இரண்டு சலுகை இல்லை. ஒரு குழந்தையானால் இதைப் பெற்றவளுக்கு அந்த 600 கிடையாது. நிறுவனம் இசையாவிடில் இந்த வழியே அடைப்பு. சிறு கடையில் வேலை பார்ப்பவளுக்கு எந்த நிறுவனம் இசையும்? இன்னும் உண்டு: தம்பதியரில் குறைந்த ஊதியம் பெறுபவரின் ஊதிய அளவுக்கு மேல் செலவைக் கணக்கில் கொள்ளார். ஆண்டு முழுதும் வேலை தேடி அலைந்து, குழந்தையைக் காப்பகத்தில் விட்டு, கடைசியில் வேலை கிடைக்காதவளுக்கு ஒரு சென்ட்டும் இல்லை.

நாற்பதாயிரம் ஈட்டிப் பதின்மூன்று சொச்சம்தானா, பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடு என்று உறவினர் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். அவர்கள் கூட்டல் கழித்தலில் பிழையில்லை. கழித்த இடத்தில்தான் பிழை. குழந்தை இருவருக்கும் உரியது. காப்பகக் கட்டணத்தை ஏன் தாயின் ஊதியத்தில் மட்டும் கழிக்கிறார்கள்? பாதியைத் தகப்பன் கணக்கில் எழுதட்டுமே. அப்போது வீட்டிலிருக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியே வேறு உருக்கொள்ளும். அன்றியும், கட்டணம் குழந்தை பள்ளி செல்லும் வரை. வேலையோ முப்பது ஆண்டு. அந்நாட்டில் முதுமை ஓய்வூதியத்தை, ஊதியம் மிகுந்த 35 ஆண்டுகளைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். 35 நிரம்பாவிடில் எஞ்சிய ஆண்டுகளைச் சுழியமாக எழுதிச் சராசரி காண்பார்கள். வீட்டிலிருந்த ஐந்தாண்டு, அறுபத்தைந்தாம் வயதில் அவளிடம் வட்டி கேட்கும்.

வேறு நாடுகளிலும் இந்தப் போக்கு இருந்தது. பிரிட்டனில் 1990 வரை மனைவியின் வருமானம் வரிக்காகக் கணவனுடையதாகவே கருதப்பட்டது. சுவீடன் 1971-லேயே ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி என்ற முறைக்கு மாறிவிட்டது. கனடாவில், எலிசபெத் சைம்ஸ் என்ற வழக்கறிஞர் ஆயா கூலியைத் தொழிற் செலவாக ஏற்கக் கோரி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1993-இல் தீர்ப்பு வந்தது. எழுவர் மறுத்தனர், இருவர் ஏற்றனர். ஏற்ற இருவரும் பெண் நீதிபதிகள். அந்த ஒன்பதின்மரில் பெண்கள் அவ்விருவரே!

2021-இல், கொள்ளை நோய்க் காலத்தில், அமெரிக்கா ஓராண்டுக்கு மட்டும் மனம் இளகிற்று. விகிதம் 50, செலவு வரம்பு ஒரு குழந்தைக்கு 8,000, இரண்டு அல்லது அதற்கு மேல் 16,000, வரி இல்லாதவருக்கும் கையில் பணமாகத் தருவது என்று சட்டம் செய்தார்கள். 1976-இலேயே செய்திருக்க வேண்டியது. அந்த ஆண்டோடு அது முடிந்தது. 1946-இல் காப்பகங்கள் போனதுபோல, நெருக்கடி தணிந்ததும் போயிற்று. 2022-இல் மீண்டும் பழைய 3,000, பழைய 35.

2025 ஜூலையில் இயற்றிய சட்டம், 2026 வரியாண்டு முதல் உச்ச விகிதத்தை 50 ஆக்கியது. நிறுவனத்தின் வழியாக ஒதுக்கும் தொகையின் வரம்பும் 5,000-இலிருந்து 7,500 ஆயிற்று. 2001-இல் எழுதிய 3,000, 6,000 என்ற செலவு வரம்புகள் அப்படியே நிற்கின்றன. வரி விழாத தாய்க்குக் கையில் பணமாகத் தரும் ஏற்பாட்டை அந்தச் சட்டத்தில் சேர்க்கவில்லை.